முங்கியதற்கு ஆதாரம்

அகராதி அலுவலகத்தில் அவருக்கு 'ஆதாரம்' என்று பட்டப்பெயர். யார் எந்தச் சொல்லைக் கொண்டுவந்தாலும், "அச்சுல இருக்கா? ஆதாரம் எங்கே?" என்று கேட்டே முப்பது வருடமாகத் திருப்பி அனுப்பியவர். மனைவி காய்ச்சல் என்றால்கூடத் தெர்மாமீட்டரைப் பார்த்த பிறகுதான் முகத்தில் கவலை வரும். அச்சில் வராத பொருளுக்கு அகராதியில் இடமில்லை என்ற விதியை எழுதியவரும் சாட்சாத் அவரேதான்.

ஓய்வுபெற இரண்டு வாரம் இருக்கும்போது, முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்றார் டாக்டர். நீச்சல்குளத்தில் சொல்லித்தரும் பயிற்சிக்காரப் பெண், "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முங்குங்க சார்" என்றாள்.

"மூழ்கணுமா?"

"மூழ்கினா நான் குதிக்கணும். முங்கினா நீங்களே எழுந்திருப்பீங்க. ரெண்டும் ஒண்ணா?"

ஆதாரத்துக்குச் சுருக்கென்றது. 'முங்கு: மூழ்கு என்பதன் கொச்சை' என்று அகராதிக் கார்டில் எழுதியது அவர் கைதான். இந்தச் சொல் 'முழு' என்ற வேரில் பிறந்ததா, வேறெதிலாவதா என்று அகராதிக் குழு பதினோரு கூட்டம் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. கூடியவர்களில் ஒருவர்கூட இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டியதில்லை. தப்பைத் திருத்தாமல் வீட்டுக்குப் போனால் செத்தாலும் மனம் ஆறாது என்று நினைத்தார்.

புதிய பதிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புதன்கிழமை குழுவின் முன் போய் நின்றார்.

"அச்சுல இருக்கா?" என்றார் தலைவர், ரொம்பப் பணிவாக.

"குளத்துல எல்லாரும் சொல்றாங்க."

"சொல்றதெல்லாம் ஆதாரமா? நீங்க போட்ட விதிதானே."

தன் வினை தன்னைச் சுட்டது. மனிதர் விடவில்லை. பயிற்சிக்காரியிடம் கெஞ்சிக் கூத்தாடி, 'இங்கே முங்கலாம், மூழ்கக் கூடாது' என்று நோட்டீஸ் அடித்துக் குளத்துச் சுவரில் ஒட்டவைத்தார். மறுநாள் ஒரு பிரதியைத் தலைவரிடம் நீட்டினார். மை இன்னும் கையில் ஒட்டியது.

"நாமே ஆதாரம் தயாரிக்கக் கூடாதுன்னு நாலாவது விதி. அதுவும் உங்க கைவண்ணம்தான் சார்."

வெள்ளிக்கிழமை பழைய கார்டே அச்சுக்குப் போயிற்று.

ஓய்வுபெற்ற மறுநாள் குளத்துக்குப் போனார். "நம்ம அர்த்தத்தைப் போட்டாச்சா சார்?" என்று ஆசையாகக் கேட்டாள் பயிற்சிக்காரி. பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கிவிட்டார். உள்ளே பரம சுகமாக இருந்தது. குழுவும் இல்லை, விதியும் இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அங்கேயே இருந்தார். திடீரென்று தொபீரென்று ஒரு சத்தம். யாரோ அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்தார்கள்.

"முங்கினேன்மா," என்றார் இருமிக்கொண்டே. "மூழ்கல."

அவளுக்குத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கழுத்தில் தொங்கிய விசிலைக்கூடக் கழற்றாமல் பாய்ந்திருந்தாள்.

"நான் குதிச்சுட்டேனே சார். மூழ்கலேங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

முப்பது வருடம் ஊரையே கேள்வி கேட்ட மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாக, "என் வார்த்தையை நம்பும்மா" என்றார்.