தாய்மாமனைத் தேடுவோர் எண்ணிக்கை: பூஜ்யம்

என் கணவர் எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்வார். வாங்கிய பிறகு அதைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டால் எரிந்து விழுவார். மிக்சி, பைக், இன்வெர்ட்டர் எல்லாம் இந்த வழியில்தான் எங்கள் மதுரை கே.கே. நகர் வீட்டுக்குள் வந்தன. கீவேர்டு டூலும் அப்படித்தான் வந்தது.

கூகுளில் ஜனங்கள் எந்தச் சொல்லைப் போட்டு, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று அந்த டூல் சொல்லும். நிறையப் பேர் தேடுகிற சொல்லை நம் வெப்சைட்டில் எழுதி வைத்துவிட்டால், தேடுகிறவர்கள் எல்லாரும் நம் வாசலில் வந்து நிற்பார்களாம். என் கணவர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ பார்த்து இதையெல்லாம் கற்றுக்கொண்டார்.

வெப்சைட் என்னுடையது. சீர்த்தட்டு அலங்கரித்து வாடகைக்குக் கொடுக்கிறேன். எங்கள் பக்கம் காதுகுத்தோ சடங்கோ, தாய்மாமன் கொட்டு முழக்கத்தோடு தட்டு வரிசையைக் கொண்டுவந்து இறக்கினால்தான் விசேஷம். பழம், பலகாரம், வளையல், பட்டு என்று அந்தத் தட்டுகளைக் கண்ணுக்கு அழகாக அடுக்கித் தருவது என் தொழில். அதற்கு முன்னால் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தேன். அங்கே எந்த வகுப்பிலும் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்துவிட்டால் பாடம் நடத்த மாட்டோம் என்பது நிர்வாகத்தின் கண்டுபிடிப்பு. கணுக்கால் வீங்கி, சாயங்காலம் பஸ்ஸில் இடம் கிடைத்தால் அழுகை வந்துவிடும். ஒருநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அது என் மாமனாருக்குப் பிடிக்கவில்லை. அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வந்த ஆர்டர்கள் எல்லாம் சொந்தக்காரர்களுடையவை என்பதை முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். சொந்தக்காரர்கள் தட்டை உரிமையோடு எடுத்துப் போவார்கள், உரிமையோடு உடைத்துக் கொண்டுவருவார்கள்.

"ஏத்தா, சொந்தக்காரன்லாம் பாஸ்ல ஏறுறவன். அவன வச்சு பஸ்சு ஓட்ட முடியாது. ஆவணி முடியிறதுக்குள்ள டிக்கெட்டு எடுக்குற வெளியாளு ஒருத்தராச்சும் உன்னத் தேடி வரட்டும். வரலைன்னா பேசாம பள்ளிக்கூடத்துக்கே போயிரு" என்றார்.

"சரி மாமா" என்றேன். ஒரே ஒரு வெளியாள். மதுரையில் இத்தனை லட்சம் பேர் இருக்கும்போது அது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

வெப்சைட்டை முதலில் நானே எழுதினேன். தட்டுப் படங்களோடு, பெண்கள் என்னிடம் தனியாக இழுத்துக் கேட்கிற சந்தேகங்களுக்காக ஒரு பக்கமும் போட்டிருந்தேன். அதில் ஒன்று, தாய்மாமன் வராவிட்டால் பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பது என்பது. என் மகளுக்குக் காது குத்தியபோது என் தம்பிக்கு வெளிநாட்டில் லீவு கிடைக்கவில்லை. அன்றைக்குக் கோயிலில் நான் பட்ட பாட்டை வைத்துத்தான் அந்தப் பதிலை எழுதினேன். சித்தப்பா மகன், பெரியப்பா மகன், கூடப் பிறந்தவனாக நினைக்கிற யாரானாலும் உட்காரலாம், சாமி கோபித்துக்கொள்ளாது என்று.

பிறகு என் கணவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நான் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டார்.

மூன்று டூல்களை வைத்துக்கொண்டு அலசினார். 'தாய்மாமன் சீர்' என்று போட்டால் ஒன்று ஏதோ கொஞ்சம் பேர் என்றது. இன்னொன்று ஆயிரக்கணக்கில் என்றது. மூன்றாவது, அப்படி ஒரு சங்கதியே உலகத்தில் இல்லை என்றது. எது சரி என்று கண்டுபிடிக்க அவர் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைக் கேட்டிருக்கலாம். அவர் சொந்தபந்தங்களின் வாட்ஸாப் குரூப்பில் கேட்டார். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி எல்லாரும் விசாரித்தார்கள். வெளிநாட்டு டூலா, நம்ம ஊர் டூலா என்றார் ஒரு சித்தப்பா. எது நமக்குக் கூடுதலாகக் காட்டுகிறதோ அதுதான் ராசியானது என்றார் ஒரு மச்சான். அந்த மச்சான் சொன்னதுதான் முடிவாயிற்று. ராகு காலம் கழிந்து ஒரு நல்ல நேரத்தில், ஒரு வார இலவசக் கணக்கு தொடங்கப்பட்டது.

வாரம் முடிந்ததும் டூல் சந்தா கேட்டது. டாலரில் கேட்டது. அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை இவர். சித்தப்பா ஈமெயிலில் இன்னொரு இலவசக் கணக்கு, அது முடிந்ததும் அத்தை ஈமெயிலில் ஒன்று. உங்கள் போட்டியாளர்கள் உங்களை முந்திவிட்டார்கள் என்று அத்தைக்கு அந்த டூல் மெயில் அனுப்ப ஆரம்பித்தது. அத்தை அதைப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, போட்டியாளர் தன் நாத்தனார்தான் என்று முடிவு கட்டி, அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

டூல் சொல்லச் சொல்ல இவர் வெப்சைட்டை மாற்றினார். கல்யாணத்துக்கு முன் மஞ்சள் பூசுகிற வடக்கத்தி விழாவுக்கு ஹல்தி டெக்கரேஷன் என்று நாடே தேடுகிறதாம், போட்டார். ரிட்டர்ன் கிஃப்ட் தேடுகிறதாம், அதையும் போட்டார். நான் வாழ்க்கையில் ஒரு பலூன் ஊதியதில்லை. என் வெப்சைட்டில் பலூன் வளைவு வந்துவிட்டது.

"இந்த சந்தேகம் கேக்குற பக்கத்தத் தூக்கிரு. தாய்மாமன் வரலைன்னா யாரு மடின்னு ஒருத்தன்கூடத் தேடல. வால்யூம் பூஜ்யம்னு காட்டுது பாரு" என்றார்.

"தூக்கிடுறேங்க" என்றேன். தூக்கவில்லை. அந்தப் பக்கத்துக்குப் போக மேலே இருந்த பட்டனை மட்டும் எடுத்துவிட்டேன். அவர் மேலே இருப்பதைத்தான் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் செய்தும் வெப்சைட்டுக்கு ஆள் வரவில்லை. அப்போதுதான் குரூப்பில் ஒரு வேண்டுகோள் போட்டார்: பங்காளிகள், மாமன் மச்சான் எல்லாரும் தினமும் ஒருமுறை கூகுளில் நம்ம கடைப் பேரைத் தேடி, சைட்டைத் திறந்து பார்க்கவும். எங்கள் ஆட்களிடம் எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம், மொய், சீர் என்று செய்கிற செய்முறையில் மட்டும் குறை சொல்ல முடியாது. விசேஷத்துக்குச் செய்வது போலவே கிளிக்கையும் செய்தார்கள். ஒரு பெரியவர் போன் போட்டு, "இன்னைக்குத் தோட்டத்துல நெட்டு கெடைக்கலப்பா, மனசுல வச்சுக்காத, நாளைக்கு ரெண்டாப் போட்டுர்றேன்" என்றார்.

செய்முறை என்றால் திருப்பிச் செய்ய வேண்டும். கறிக்கடை மச்சான் ஒரு வெப்சைட் திறந்தார். போர்வெல் சித்தப்பாவும் திறந்தார். என் கணவர் ஆபீசுக்குக் கிளம்பும் முன் சொந்தபந்தங்களின் சைட்டுக்கெல்லாம் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டியதாயிற்று. ஒருநாள் மறந்துவிட்டார். "நாங்க உனக்கு அம்புட்டுச் செஞ்சோம், நீ ஒரு கிளிக்குக்கு யோசிக்கிறியே மாப்ள" என்று மச்சான் வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போனார்.

டூலில் கோடு மலை ஏறியது. எங்கள் கடைப் பெயரைத்தான் ஜனங்கள் அதிகம் தேடுகிறார்கள் என்று அது சொன்னது. "பிராண்டு ஆயிட்டோம்" என்று அந்தப் படத்தை மாமனாரிடம் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இதுல பாஸ் எத்தன, டிக்கெட்டு எத்தன?" என்றார்.

வெளியாட்கள் போன் செய்யாமல் இல்லை. ஒருவர் இந்தியில் ஹல்தி மேடை கேட்டார். ஒரு பெண் சென்னையிலிருந்து பலூன் கேட்டாள். உள்ளூரிலிருந்து பேசிய இரண்டொருவர் தட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார்கள். சொன்னதும் வைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன வால்யூம் என்று டூலில் பார்க்கச் சொன்னேன். என் கணவர் காதில் விழாத மாதிரி இருந்தார். போன் செய்கிற ஒவ்வொருவரிடமும், "கூகுள்ல என்ன போட்டுத் தேடுனீங்க?" என்று கேட்க வேண்டும் என்பது மட்டும் அவருடைய கண்டிப்பான உத்தரவு. கேட்டதும் பாதிப் பேர் போலீஸ் என்று நினைத்து வைத்துவிடுவார்கள்.

ஆடி போய் ஆவணியும் பாதி ஓடிவிட்டது. பள்ளியிலிருந்து, இடம் காலியாகத்தான் இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டு ஆள் விட்டார்கள். பழைய புடவைகளை எடுத்து அயர்ன் செய்து வைத்தேன்.

மறுநாள் ஒரு பெண் போன் செய்தாள். மெதுவாகப் பேசினாள், பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் போல.

"அக்கா, கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் எங்க ஊரு. பையனுக்குக் காதுகுத்து. தட்டு வேணும். வருவீங்களா?"

வருவேன் என்றேன். உத்தரவுப்படி அந்தக் கேள்வியையும் கேட்டேன்.

"அண்ணன் வரமாட்டாங்க, காதுகுத்துக்கு யாரு மடியில உக்கார வைக்கலாம்னு போட்டேன்க்கா. ஒங்க பக்கம் வந்துச்சு. சாமி கோவிச்சுக்காதுன்னு எழுதியிருந்தீங்க."

அண்ணன்கள் இருக்கிறார்கள். இவள் வேறு ஆட்களில் கல்யாணம் செய்துகொண்டதால் தலைமுழுகிவிட்டார்கள். மாமியார் வீட்டில் நல்லவர்கள்தான், ஆனால் தாய்மாமன் சீர் எங்கே என்று ஊர் கேட்கும். அக்கம் பக்கத்தில் கேட்க வெட்கப்பட்டுப் போனில் தேடியிருக்கிறாள்.

"தட்டு மட்டுந்தானாக்கா, தூக்கிட்டு வர ஆளும் வருவாகளா?" என்றாள்.

"வருவாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஆளுக்கு என்ன பஞ்சம்? தினமும் கிளிக் போடுகிற ஒரு கூட்டமே இருக்கிறதே. என் கணவர் குரூப்பில் போட்டார்: ஞாயிற்றுக்கிழமை கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு சீர், தட்டுத் தூக்க அண்ணன் தம்பிகள் வரவும், வேன் உண்டு. முதலில் கட்டைவிரல்கள் வந்தன. பிறகு கறிக்கடை மச்சான், "அவுக யாரு? என்ன ஆளுக?" என்று கேட்டார். அந்தப் பெண்ணின் கதையை என் கணவர் கள்ளமில்லாமல் எழுதினார். அதோடு குரூப்பில் ஒரு சத்தமும் இல்லை. நாளைக்கு இரண்டாகப் போடுகிறேன் என்ற பெரியவர்கூட வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குரூப்பை விட்டு வெளியேறினேன்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறியது நான், என் கணவர், இரண்டு கொட்டுக்காரர்கள், கூப்பிடாமலே வந்து முன்சீட்டில் உட்கார்ந்த என் மாமனார். வெளியாள் நிஜமாகவே வெளியாள்தானா என்று பார்க்க வந்தாராம்.

ஊர் எல்லையில் கொட்டு முழங்கியதும் ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். தூக்க ஆள் பற்றவில்லை. டிரைவர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டார். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழத்தட்டைத் தலையில் வைத்தார். கண்டக்டராக இருந்தபோதுகூட யாருடைய மூட்டையையும் அவர் தொட்டதில்லை. முன்னால் மாலையும் கையுமாக என் கணவர். கோயிலுக்கும் வேனுக்குமாக நாங்கள் திரும்பத் திரும்ப நடந்து எல்லாத் தட்டுகளையும் இறக்கினோம்.

அந்தப் பெண் கோயில் வாசலில் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் கணவரைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றாள். எங்கள் ஊரில் டீக்கடையில் சில்லறை கேட்பவனும் அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அவரும் நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிற சொல்தான். ஆனால் அன்றைக்கு மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

பையனை அவர் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அது வீரிட்டுக் கத்தி, அவர் சட்டைப் பையைப் பிடித்து இழுத்து, கடைசியில் வேட்டியையும் நனைத்தது. போன் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது மாமனார் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே, "டிக்கெட்டுத்தான்" என்றார். "பள்ளிக்கூடத்துல வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிரு." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் முதல் சொந்தக்காரர்கள் கிளிக்கை நிறுத்திவிட்டார்கள். என் கணவருக்கு வாடகை மாமன் என்று பெயர் வைத்திருப்பதாகவும் காதுக்கு வந்தது. மலை ஏறிய கோடு தரைக்கு இறங்கியது. அந்தப் பெண் தேடிய வரியை அவர் டூலில் போட்டுப் பார்த்தார். பூஜ்யம் என்றது. இன்னொரு டூலிலும் போட்டுப் பார்த்தார், அதிலும் பூஜ்யம்தான். லேப்டாப்பை மூடினார்.

அடுத்த வாரம் போன் வந்தபோது நான் பசை ஒட்டிய கையோடு இருந்தேன், அவர்தான் எடுத்தார். என்ன போட்டுத் தேடினீர்கள் என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. எந்த ஊர், என்றைக்கு விசேஷம் என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கம் ஏதோ தயங்கித் தயங்கிப் பேசியது கேட்டது.

"ஆளும் வரும்மா" என்றார். "நான் வாரேன்."