இரண்டாவது குழாய்

எண்பதுகளில் நடந்தது இது. என் மகனுக்கு இரத்தம் எளிதில் உறையாது. காயம் பட்டால் பிறருடைய பிளாஸ்மாவை ஏற்றித்தான் நிறுத்துவார்கள். அதை ஏற்றிக்கொண்டு சுன்னத்துச் செய்ய டாக்டர் சம்மதித்தார். ஏற்றுவதை அவன் உடம்பு எதிர்க்கிறதா என்று மட்டும் கொழும்பில் பார்த்து வரச் சொன்னார். நாங்களோ நாள் குறித்து, கல்முனையில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

ஆய்வுகூடத்தில் அவன் பிளாஸ்மாவோடு நல்ல பிளாஸ்மாவைக் கலந்தார்கள். நேரத்துக்கு உறைந்தது.

"இன்னொரு குழாயை ரெண்டு மணித்தியாலம் சூட்டில வெச்சுப் பாக்கணும், சில எதிர்ப்பு மெதுவாத்தான் தெரியும், இருங்க," என்றார் அங்கே வேலை செய்த பெண்.

"அதான் உறைஞ்சிட்டே. பஸ் போயிரும், எழும்பு புள்ள," என்றார் என் கணவர். எழும்பினேன். ஊர் டாக்டரிடமும் உறைந்தது என்றே சொன்னோம்.

சுன்னத்துக்கு முதல் நாள், பந்தல் போடும்போது ஆய்வுகூடத்திலிருந்து தந்தி வந்தது. இரண்டாவது குழாய் நேரத்துக்கு உறையவில்லை, செய்ய வேண்டாம் என்றிருந்தது. வெட்டியிருந்தால் எந்தப் பிளாஸ்மாவும் நிறுத்தியிருக்காது.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குச் சோறு போட்டேன்.

"உம்மா, நாளைக்கித்தானே?" என்றான் மகன், இடுப்பில் கட்டிய புதுச் சாரனோடு.

"இல்ல மகன்."

இப்போதெல்லாம் போகச் சொல்லும்வரை ஆய்வுகூடத்தில் உட்கார்ந்த வாங்கை விட்டு நான் எழும்புவதில்லை. பக்கத்தில் இருக்கும் அவரும் பஸ்ஸைப் பற்றிக் கதைப்பதில்லை.