அடிக்குறிப்பில் இருந்த பெயர்

இந்த நினைவு மலருக்கு எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் பலர் இருக்கிறார்கள். அவரோடு ஒரே அறையில் இருந்தவர்கள், ஒரே தொழிற்சாலையில் நின்றவர்கள், கடைசியாக அவரைத் தோளில் சுமந்தவர்கள். நான் அவருக்கு உறவுமில்லை. கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் என்பதால்தான் எழுதுகிறேன். அதற்காக முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.

செய்தி வந்தபோது நான் டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் மாணவர் விடுதியில் இருந்தேன். அப்பா எங்கள் வீடு இருக்கும் ஹோர்சன்ஸிலிருந்து காலையில் அழைப்பதில்லை. நடைபாதையில் இருக்கும் பொதுத் தொலைபேசியில் அவருடைய குரலைக் கேட்டதுமே ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கிவிட்டது.

"பிள்ளை, சாமியார் மோசம் போயிட்டார்."

"எப்ப அப்பா?"

"இப்பத்தான். வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிண்டவர். நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு பஸ் தரிப்பிலை கிடந்த வாங்கிலை இருந்தவராம். பஸ் வரேக்கை எழும்பேல்லை."

எனக்கு உடனே அழுகை வரவில்லை. 'இனி அது ஒருவருக்கும் தெரியாது' என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. ஒரு மனிதர் இறந்த செய்தியில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

அவருடைய முழுப்பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவரைத் தெரிந்த உங்களுக்குச் 'சாமியார் அண்ணை' என்பது போதும். அவர் சாமியாரும் இல்லை, சாத்திரியாரும் இல்லை. யாழ்ப்பாணத்தில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு வந்த மனிதர். டென்மார்க்குக்கு வருமுன் தெற்கு ஜெர்மனியில் ஒரு பியர் ஆலையில் ஏழு மாதம் பியர் காய்ச்சும் கொப்பரைகளைக் கழுவினார். பழைய காலத்தில் கிறிஸ்தவத் துறவிகளின் மடம் தொடங்கிய ஆலை அது. எந்தப் பேச்சை எடுத்தாலும் அந்த மடத்தில் கொண்டுவந்து முடிப்பார். அதனால்தான் அந்தப் பட்டம்.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்படி மேசையைச் சுற்றிப் பெடியன்கள் கூடுவார்கள். அண்ணை வாழ்நாளில் ஒரு துளி பியர் குடித்ததில்லை. ஆனால் பியரின் சரித்திரம் முழுவதும் அவரிடம் இருந்தது. ஆற்றோரக் குன்றில் மடத்தைக் கட்டிய துறவிகள் கீழே பார்லி விதைத்தார்கள். முதலில் தங்களுக்காகக் காய்ச்சினார்கள், பிறகு யாத்திரை வந்தவர்களுக்கு, பிறகு ஊருக்கே. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் விரதத்தில் திடப்பொருள் உண்ணக்கூடாது என்பதால், கஞ்சி போலத் தடித்த பியரைக் குடித்து உயிர் வைத்திருந்தார்கள்.

"தண்ணியா இருந்தா விரதம் முறியாது எண்டு அந்தச் சாமிமாரே சொல்லிப்போட்டினம்" என்பார். குடும்பம் வந்து சேரவேண்டும் என்று அவரும் வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருந்தார்.

"அப்ப அண்ணை, நாங்களும் வெள்ளிக்கிழமையிலை ரெண்டு பியர் அடிச்சா விரதம்தானே?"

"ஓமடா. ஆனா நாப்பது நாள் சோறு கறி இல்லாமல் கிடந்திட்டு அடிக்கவேணும். உனக்கு நாலு மணித்தியாலம் தாங்காது."

நான் மூலையில் புத்தகத்தோடு இருப்பேன். என்னை யாரும் கவனிப்பதில்லை. அதனால் நான் எல்லாவற்றையும் கவனித்தேன். ஒரு கதையை மட்டும் அவர் சிரிக்காமல் சொல்வார். நெப்போலியன் காலத்தில் அரசு மடங்களை மூடிவிட்டது. துறவிகளை வெளியேற்றி, ஆலையை ஒரு வியாபாரக் குடும்பத்துக்கு விற்றது. வாங்கியவர்களுக்குக் காய்ச்சத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் மடத்தின் பணிகளைச் செய்துவந்த, 'சகோதரர்' என்று அழைக்கப்பட்ட ஒரு துறவி. மடத்தைச் சேர்ந்த எவரும் அங்கே இருக்கக்கூடாது என்பது சட்டம். அவர் துறவு உடையைக் களைந்துவிட்டு அதே நிலவறையில் கூலியாளாக வேலை செய்தார். எந்தப் பதிவேட்டிலும் அவருடைய பெயர் இல்லை. ஒவ்வொரு தடவை காய்ச்சி முடித்ததும் சுவரில் ஒரு சின்னச் சிலுவையைக் கீறி வைப்பாராம்.

"சட்டப்படி அந்த மனுசன் அங்க இல்லை. ஆனா பியர் அவர் காய்ச்சினது" என்பார் அண்ணை. கிழட்டு மேற்பார்வையாளர் ஒருவர் சொன்ன கதை என்றும், ஆனால் சிலுவைகளைக் கண்டது தான்தான் என்றும் சொல்வார். பழைய மரப் பீப்பாய்களுக்குப் பின்னால் சுவரைத் தேய்த்துக் கழுவும்போது கைக்குத் தட்டுப்பட்டதாம். அவரும் அந்த ஆலையில் பதிவு இல்லாமல் வேலை செய்தவர் என்பது எங்கள் குசினியில் எல்லோருக்கும் தெரியும்.

பல்கலைக்கழகத்துக்கு முந்திய மேல்நிலைப் பள்ளியான கிம்னாசியத்தின் கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஒரு பெரிய கட்டுரை எழுதவேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த வகுப்புவரை வந்த முதல் ஆள் நான். ஜெர்மனும் சரித்திரமும் சேர்ந்த தலைப்பு வேண்டும் என்றார்கள். நான் அந்த ஆலையின் சரித்திரத்தை எடுத்தேன். நூலகத்தில் இரண்டு ஜெர்மன் புத்தகங்கள் கிடைத்தன. சகோதரரின் கதையும் சிலுவைகளும் அவை இரண்டிலும் இல்லை. 'எங்கிருந்து அறிந்தாய் என்று எழுதாவிட்டால் அது சரித்திரம் இல்லை, வதந்தி' என்று எங்கள் ஆசிரியை சொல்லியிருந்தார். அதனால் முதல் அடிக்குறிப்பில் அண்ணையின் முழுப்பெயரை எழுதினேன். ஊரை எழுதினேன். 'அந்த ஆலையில் ஏழு மாதம் பணிபுரிந்தவர்' என்று எழுதினேன். அவருக்கு மரியாதை செய்வதாகவே நினைத்தேன். அவரிடம் கேட்கவில்லை.

கட்டுரை பாராட்டுப் பெற்றது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் பள்ளிக்கு வந்தார். படம் எடுப்பதற்காகக் கையில் ஒரு பியர் போத்தலைப் பிடிக்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அந்த ஒன்றில் மட்டும் எனக்குப் புத்தி இருந்தது. சிலுவைக் கதையை யார் சொன்னது என்று கேட்டார். பெயரைச் சொன்னேன், அவர் எழுதிக்கொள்ள வசதியாக ஒவ்வோர் எழுத்தாக.

பத்திரிகை வந்த அன்று அம்மா, "பியரைப் பற்றி எழுதின பெட்டையை ஆர் கட்டப்போறான்?" என்று புறுபுறுத்தபடியே அந்தப் பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார்.

சில வாரங்களுக்குப் பிறகு அண்ணை ஒரு கடிதத்தோடு வந்தார். டேனிஷ் கடிதங்களை நான்தான் அவருக்கு வாசித்துச் சொல்வேன். மனைவியையும் மகனையும் அழைக்க அவர் விண்ணப்பித்து நீண்ட நாளாயிற்று. இது அதற்கான பதில் என்று நினைத்து வந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

கடிதம் பொலிஸிடமிருந்து வந்தது. முதல் வரியைத் தமிழில் சொன்னேன். இரண்டாவது வரியில் 'ஜெர்மனி' என்ற சொல் இருந்தது. அதன் கீழே அந்தப் பத்திரிகையின் பெயர். நான் நிறுத்திவிட்டேன். அகதி விசாரணையில் அவர் கொழும்பிலிருந்து நேரே வந்ததாகவும், வழியில் எங்கும் தங்கவில்லை என்றும் சொல்லியிருந்தார். தங்கினேன் என்றால் 'அந்த நாட்டுக்கே திரும்பிப் போ' என்பார்கள். பிறகு குடும்பத்தை எங்கே அழைப்பது? எங்கள் குசினியில் தமிழில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, டேனிஷில் ஒருவருக்கும் தெரியக்கூடாதது. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எல்லோரையும் கவனித்த நான் அதை மட்டும் கவனிக்கவில்லை.

"வாசி பிள்ளை" என்றார்.

வாசித்தேன். ஏழு மாதம் தங்கியதாகப் பத்திரிகையில் வந்திருப்பதற்கு விளக்கம் தரவேண்டும் என்று முடிந்தது.

அவர் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த என் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தேத்தண்ணி ஆறப்போகுது, குடி" என்றார். குடிக்க முடியவில்லை. அவர் கடிதத்தை மடித்தபடி சொன்னார்: "பெயரை எடுத்துவிடு பிள்ளை. கதை இருக்கட்டும்."

நான் ஆசிரியையிடம் போய் ஆளைத் தவறுதலாக மாற்றி எழுதிவிட்டேன் என்றேன். "அப்படியானால் யார் சொன்னது?" என்று கேட்டார். "ஒரு ஜெர்மன் தொழிலாளி" என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் திரும்பத் தட்டச்சுச் செய்ய அனுமதித்தார். பத்திரிகையில் நான்கு வரித் திருத்தம் வந்தது. பொலிஸுக்குப் போய்வந்த அண்ணை எங்கள் வாசலில் நின்றபடியே சொன்னார்: "நீ மாறி விளங்கிக்கொண்டு எழுதிப்போட்டாய் எண்டு சொல்லிப்போட்டன். கோவிக்காதை, என்ன?"

மன்னிப்புக் கேட்கவேண்டியவள் நான். என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர் படியிறங்கிப் போனார். நான் 'ஓம்' என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு எந்தப் பதிலும் இல்லை. பொலிஸிடமிருந்தும் இல்லை, விண்ணப்பத்துக்கும் இல்லை. யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த செய்தி வரும் ஒவ்வொரு முறையும் அவர் எங்கள் வீட்டு வானொலிக்குப் பக்கத்தில் இருப்பார். நான் என் அறையை விட்டு வெளியே வரமாட்டேன். படிப்பதாக எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு அந்த விவகாரம் வெடித்தது. டேனிஷ்காரர் இன்றைக்கும் 'தமிழர் வழக்கு' என்றே சொல்கிறார்கள். எங்களுடைய குடும்ப விண்ணப்பங்களைத் தொடாமல் கிடப்பில் போடும்படி நீதியமைச்சில் மேலிடத்திலிருந்தே சொல்லப்பட்டிருந்தது என்று மாலைச் செய்தியில் வந்தது. எங்கள் வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள்.

"பாத்தியளே? ஒருத்தரில்லை, எல்லாற்றையும்தான் நிப்பாட்டி வைச்சவங்கள்!" என்று ஒருவர் கத்தினார்.

எல்லோரும் கோபப்பட்டார்கள். எனக்குச் சந்தோஷம் வந்தது. எத்தனையோ குடும்பங்களைப் பிரித்து வைத்த அநியாயம் அது. அதைக் கேட்டு அந்த அறையில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும். என் பிழையை அதற்குள் ஒளித்து வைக்கலாம் என்று தோன்றியது. அண்ணை கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னார்: "இண்டைக்கு நித்திரை வரும் உனக்கு."

வரவில்லை. அவருடைய கோப்பு மற்றவர்களுடையதைப் போல மட்டும்தான் நின்றதா, அந்தப் பத்திரிகைத் துண்டு அதற்குள் இருந்ததால் இன்னும் ஒரு மாதமாவது கூடுதலாக நின்றதா? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கடைசியில் அனுமதி வந்தது. மனைவியையும் மகனையும் விமான நிலையத்திலிருந்து அழைத்துவர என் அப்பாவின் கார்தான் போனது. நான் முன் இருக்கையில் இருந்தேன். பின்னால் அண்ணை, நான் அக்கா என்று அழைக்கும் அவர் மனைவி, மகன். அண்ணை எங்களுக்குக் காட்டும் படத்தில் மடியில் இருந்த குழந்தை அக்காவின் தோளளவு வளர்ந்திருந்தது. தன் அப்பாவைவிட்டுத் தள்ளிக் கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தான். அண்ணை அக்காவின் காதில் மெதுவாக ஏதோ சொன்னார். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்ததைக் கண்ணாடியில் கண்டேன். இத்தனை காலம் பிரித்து வைத்தது யார் என்று சொல்கிறார் என்றே நினைத்தேன். அதன்பிறகு அப்பாவும் அம்மாவும் அவர்கள் வீட்டுக்குக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பரீட்சை இருப்பதாகச் சொன்னேன்.

சென்ற வருடம் என் பழைய ஆசிரியை ஒரு புத்தகம் அனுப்பினார். அவர் எப்போதோ என் கட்டுரையை அந்த ஆலைக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் பீப்பாய்களை நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள். சிலுவைகள் இருந்தன. ஆலையின் சரித்திர நூலில் ஒரு முழுப்பக்கப் படமாக வந்திருந்தன, வரிசை வரிசையாக. அதை அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்தை விரலால் தடவினார்.

"கீழ என்ன எழுதியிருக்கு?"

"ஒரு ஜெர்மன் தொழிலாளியின் நினைவிலிருந்து அறிந்தது எண்டு இருக்கு அண்ணை."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பார், எனக்கு ஜெர்மன் குடியுரிமை எவ்வளவு சுகமாக் கிடைச்சிட்டுது!"

நானும் சிரித்தேன். இரண்டு மாதம் கழித்து அப்பாவின் அழைப்பு வந்தது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு அக்காவிடம் போனேன். கடவுச்சீட்டுகளும் அனுமதிக் கடிதங்களும் இருந்த கோப்பில் அந்தப் புத்தகத்தையும் அண்ணை வைத்திருந்தாராம். இதுவரை நான் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு முதலே தெரியும்" என்றார். "ஏர்போட்டிலை இருந்து வரேக்கை காருக்குள்ளையே சொன்னவர்."

"என்ன சொன்னவர் அக்கா?"

"முன்னுக்கு இருக்கிற பிள்ளைதான் என்ரை பெயரைச் சரித்திரத்திலை போட்டது எண்டு. பெருமையாச் சொன்னவர்." பிறகு, "நீ இதை நினைவு மலருக்குக் குடு" என்றார்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது ஒரு தாள்தான். திரும்பத் தட்டச்சுச் செய்யுமுன் கட்டுரையிலிருந்து கழற்றிய பக்கம். கிழிக்கவேண்டும் என்று எடுத்து, கிழிக்காமல் வைத்தது. அதன் அடியில் அவருடைய முழுப்பெயர் இருக்கிறது.

அக்கா, அன்று உங்களுக்கு வாசிக்காத ஒரு பந்தி இருந்தது. அது இதுதான். அந்த ஆலைக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். சிலுவைகளைக் கண்டவர் ஜெர்மன்காரர் இல்லை என்றும், பதிவில்லாமல் அங்கே நின்ற யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் என்றும் எழுதியிருக்கிறேன். பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். உங்களுடைய வதிவிடக் கடதாசிகளுக்கு ஏதும் வந்துவிடும் என்று சின்னப் பயம் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது வெறுமையாகவே இருக்கட்டும். பயம் இல்லையென்றால், அவருடைய பெயரை அங்கே எழுத என்னை விடுங்கள். போனமுறை நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. இந்தமுறை கேட்கிறேன்.