சிறகைப் பெரிதாக்கிப் பார்த்தவர்

டெங்குக் காய்ச்சலில் மகள் வார்டில் கிடந்தாள். இரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. வெளியே வாங்கில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்க்க வந்தவர், ஒல்லியான மனிதர். சுவரில் எந்தப் பூச்சியைக் கண்டாலும் எழுந்து போய்ப் படம் எடுப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை முகத்தோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார்.

பல்லேபொலவில் எங்கள் வீட்டுக் குளியலறையில் நான் எடுத்த படத்தை அவரிடம் நீட்டினேன். "இந்தப் பெரிய நுளம்புதான் பிள்ளையக் கடிச்சிருக்கும். கண்டதையெல்லாம் அடிச்சுக் கொன்னுட்டேன்."

அவர் சிறகை மட்டும் பெரிதாக்கினார். "அக்கா, பாவம், இது நுளம்பே இல்லீங்க. நுளம்புன்னா சிறகு நரம்பு மேல செதில் ஒட்டியிருக்கும். இதுல நரம்பு வெறுமனே இருக்கு பாருங்க. இது நீட்டுக்கால் பூச்சி, யாரையும் கடிக்காது."

"அப்ப எது கடிச்சது?"

"அது சின்னதுங்க. இப்படிப் போஸ் குடுத்துக்கிட்டு நிக்காது."

கோபப்படுவதற்கு என்னிடம் இருந்த ஒரே பூச்சியும் போய்விட்டது. "பிள்ளைக்குச் சரியாயிடுமா?" என்று அவரிடமே கேட்டேன். அன்று பார்க்க வந்த எல்லாரும் சரியாகிவிடும் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அவர் போனைப் பைக்குள் வைத்தார். "தெரியாதுங்க அக்கா. அடுத்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நானும் இருக்கேன்."

நான் வாய்விட்டு அழுதேன்.

மகள் தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆறுதல் சொன்ன யார் முன்னாலும் வராத அழுகை, தெரியாது என்றவர் முன்னால் ஏன் வந்தது என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.