நானும் உடைத்த கிண்ணங்கள்

எண்பதுகளின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பென்ரோஸ் பகுதியில் ஒரு மண்பாண்டப் பட்டறையில் வேலை பார்த்தேன். சூளையிலிருந்து இறக்கிய கிண்ணங்களைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்க வேண்டும். முதலாளி ஒரு வெள்ளைக்காரப் பெண். ஜப்பானில் இரண்டு வருடம் தங்கித் தொழில் கற்றவள். அவள் கிண்ணங்களின் விளிம்பு கோணியிருக்கும், சாம்பல் நிற மெருகு வழிந்து பாதியில் நிற்கும். அந்தக் குறைதான் ஜப்பானியருக்கு அழகு என்பாள். ஆக்லாந்தின் பெரிய வீடுகளில் அப்போது அதற்குத்தான் மவுசு.

அவளுடைய அப்பா போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர். பட்டறைக்குள் கால் வைத்ததில்லை. அவள் கிண்ணங்களின் கண்காட்சிக்கு முந்தின நாள், மகள் கிமோனோ உடுத்தி நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது. அன்று மதியம் பட்டறைக்குள் வந்து நின்றார். சூளைக் கம்பியை எடுத்து அலமாரி அலமாரியாக அடித்து நொறுக்கினார். தடுக்கப் போன மகளின் முழங்கை கிழிந்து இரத்தம் கொட்டியது. நான் பின்னாலிருந்து அவர் கையைப் பிடித்தேன். உதறியதில் சுவரில் மோதி விழுந்தேன்.

"அந்த ஜப்பான்காரன்களைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று கத்தினார்.

அங்கே யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். போர்க்காலத்தில் மலாயாவில் எங்கள் தோட்டத்துக்கு ஜப்பானியரின் லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட அப்பாவை ஏற்றினார்கள். காலைப் பிடித்துக் கெஞ்சிய அம்மாவின் வாயில் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் இடித்தான். எனக்கு ஐந்து வயது. அப்பா திரும்பவில்லை.

அவர் கம்பியைத் தாழ்த்தினார். "நானும் அந்த ரயில் பாதையில்தான் இருந்தேன். காலராவில் செத்த தமிழர்களைக் குவித்துப் போட்டு எரித்தார்கள். எரிக்கும்போது சிலருக்கு இன்னும் உயிர் இருந்தது."

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. கைக்கு எட்டிய கிண்ணத்தைத் தரையில் அடித்தேன். பிறகு இன்னொன்று. முதலாளி என் முடியைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினேன்.

தன் அப்பாவை மன்னித்துக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். என்னை அன்றே நிறுத்திவிட்டாள்.

"கெடைச்ச வேலைய இப்படிக் கெடுத்துக்கிட்டியே" என்றார் என் கணவர்.

"அப்பாவுக்கு என்ன ஆச்சின்னு இன்னிக்கித்தான் ஒருத்தரு சொன்னாரு" என்றேன்.

மலேசியாவில், ஈப்போவில் அம்மா அப்போதும் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தார். நான் அவருக்கு இதை எழுதவில்லை.