மூச்சு விட்ட நேரியது

மூச்சு விடும் துணிக்கு ஓரம் தைப்பது எப்படி என்று எந்தத் தையல் வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கு அப்படி ஒரு வேலை வந்தது. தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

பாறசாலையில் பல வருஷம் பிளவுசும் சுடிதாரும் தைத்தவள் நான். பிறகு உதியன்குளங்கரையில் அஞ்சலியின் பட்டறையில் சேர்ந்தேன். அவள் துணியில் கலை செய்கிறவள். நாளைக்கு மனுஷர் என்ன உடுப்பார்கள், அதில் கைவேலைக்கு என்ன இடம் என்பதே எப்போதும் அவள் யோசனை. கொச்சியில் ஒரு கண்காட்சிக்காக, நெய்தவளின் மூச்சோடு ஏறி இறங்கும் நேரியது ஒன்றைச் செய்யத் தொடங்கினாள். நேரியது என்றால் முண்டுக்கு மேல் மாராப்பாகப் போடும் கைத்தறித் துணி.

பெல்ட்

நெய்தது குன்னத்துகால் ராஜம்மா. அவள் தறியில் இருக்கும்போது மார்பில் சென்சார் பெல்ட் கட்டி மூச்சைப் பதிவு செய்தோம். நேரியதின் கசவுக்கு, அந்தப் பொன்சரிகைக் கரைக்கு, அடியில் சூட்டில் சுருங்கும் தனிவகை மெல்லிய கம்பி ஓடும். கரண்ட் பாய்ந்து சூடானால் கம்பி சுருங்கும், துணி உயரும். ஆறினால் துணி தாழும். பதிவில் உள்ள மூச்சின்படி, கம்பியோடு இணைத்த சின்ன எலக்ட்ரானிக் போர்டு கரண்டை விட்டுவிட்டுக் கொடுக்கும்.

ராஜம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எனக்க மூச்சக் கொச்சிக்குக் கொண்டு போறியளா? போவட்டும். நான் கொச்சி கண்டதே இல்ல பிள்ளே. நானும் கூட வாறேன், கேட்டியா?"

அவள் வரவில்லை. நெய்து கொடுத்த சில நாளில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனாள்.

ஓரம்

அடக்கம் முடிந்து நாங்கள் வேலைக்குத் திரும்பினோம். அஞ்சலி கம்பியைக் கோத்து, நேரியதை டம்மியில் போட்டு சுவிட்சைத் தட்டினாள். துணி மெல்ல உயர்ந்தது, தாழ்ந்தது.

ஓடும்போதே ஓரம் தைத்தால்தான் துணி இழுக்காமல் நிற்கும். அதனால் அது தாழும்போது ஊசியைக் குத்தி, உயரும்போது கையை எடுத்தேன். நடுவில் சட்டென்று மூச்சு நின்றுவிடும், பிறகு நீளமாக இறங்கும். நூல் கோத்த நாடாவைத் தறியின் குறுக்கே எறியும்போது ராஜம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வாள், அதுதான். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை சுற்றியது. அப்போதுதான் தெரிந்தது, துணி நிறுத்தும் இடத்திலெல்லாம் நானும் மூச்சை நிறுத்திக்கொண்டிருந்தேன். ஊசியை வைத்துவிட்டு வெளியே ரோட்டில் போய் நின்றேன். பஸ் சத்தம் கேட்ட பிறகுதான் என் மூச்சு எனக்குத் திரும்பியது.

அந்த வாரம் ராஜம்மாவின் கணவர் செல்லப்பன் அண்ணன் வந்தார். நேரியதின் முன்னால் ஸ்டூலைப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"அவளேதான்" என்றார். பிறகு கேட்டார், "இது அவ தறியில இருக்கும்ப எடுத்ததா?"

"ஆமா மாமா" என்றாள் அஞ்சலி.

"அப்பம் அவ இன்னும் தறியில இருந்து எறங்கல்ல மக்களே. செத்த பெறவும் அவ வேல செய்யுதா."

அஞ்சலி சுவிட்சில் கை வைத்தாள். "வேண்டாம்ணா இப்பமே நிறுத்துதேன். கொச்சிக்கும் கொண்டு போவ மாட்டேன்" என்றாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. "அண்ணே, கொச்சி காணணும்ணு அவளுக்கு ஆசை உண்டு. எனக்கிட்ட சொன்னதாக்கும்" என்றேன்.

அவர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பிடிண்ணா ஒரு நாள் காணட்டும். சாயங்காலம் நான் நிறுத்துவேன். பெறவு ஓடப்பிடாது."

பிளக்

கொச்சியில் அந்தப் பகல் முழுக்க ஆட்கள் நேரியதைச் சுற்றி நின்றார்கள். ஒரு குழந்தை கை நீட்டித் தொட்டுவிட்டு அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. செல்லப்பன் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு ஒரு மூலையில் இருந்தார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் அவர் எழுந்து வந்தார். "மதி ராஜம்மா, போதும், எறங்கு" என்று சொல்லி பிளக்கைப் பிடுங்கினார்.

துணி தாழ்ந்தது. கரண்ட் இல்லை, கம்பி ஆறிக்கொண்டிருந்தது. இனி அது தாழத்தான் முடியும். நாங்கள் மூன்று பேரும் பார்க்க, நேரியது மறுபடியும் உயர்ந்தது. அதுவரை ஒருமுறைகூட உயராத உயரத்துக்கு, அலுப்புத் தீர இழுத்த மூச்சு மாதிரி. அப்படியே கொஞ்சம் நின்று, இறங்கி, அடங்கியது.

போர்டில் மிச்சக் கரண்ட் இருந்திருக்கும் என்றாள் அஞ்சலி. ஊர் திரும்பியதும் அதே போர்டைப் பலமுறை வேறு துணியில் போட்டுச் சோதித்தாள். எதுவும் அப்படி உயரவில்லை. செல்லப்பன் அண்ணன் மட்டும் எதையும் கேட்கவில்லை. அன்று நேரியதை மடித்து நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ரயிலில் நெய்யாற்றின்கரை வரும்வரை நன்றாக உறங்கினார்.

நாளைய உடுப்பு ஆளின் நடையையும் மூச்சையும் எடுத்துக்கொள்ளும். நீங்களும் எடுப்பீர்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எடுக்கும்போதே எப்போது நிறுத்த வேண்டும் என்று அந்த ஆளிடம் கேட்டுவிடுங்கள். போன மாதம் அடுத்த வேலைக்காக அஞ்சலி அந்த பெல்ட்டோடு என்னிடம் வந்தாள். கட்டுவதற்கு முன்பே கேட்டாள், "அக்கா, எதுவரெ ஓடட்டும்?"

"நான் இருக்கதுவரெ" என்றேன். "பெறவு ஒரு மூச்சுகூட வேண்டாம் மக்களே."