வளைவில் ஒரு வகுப்பு

ஜவ்வாது மலையிலிருந்து போளூருக்கு இறங்கும் சாயங்கால பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் ஆங்கில ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். காதோரம் நரை, சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள். சிக்னல் வரும் முதல் வளைவுக்காக ஃபோனை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடியே வந்தார்.

"யாருக்குங்க?" என்றேன்.

"நம்ம கிளாஸ் பொண்ணு ஒண்ணுக்குங்க. கிளாஸ்ல, நீ இப்போ இன்னா செஞ்சினு இருக்கேன்னு ரெண்டு ரெண்டு பேரா இங்கிலீஷ்ல கேட்டு எழுதணும். பாதியிலயே இந்தப் பொண்ண அவங்க வூட்ல குடகுக்குக் காப்பி பறிக்கக் கூட்டினு போய்ட்டாங்க. ஜோடிப் பொண்ணு தனியா குந்தினு இருக்குது. போனவ பங்க நான் தெனம் ஃபோன்ல கேட்டுனு போய் அவகிட்ட குடுக்கறேன்."

"கேட்டா அந்தப் பொண்ணு திரும்பி வந்துடுமா?"

"வேற இன்னா பண்றதுன்னு தெரியலீங்க."

வளைவு வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"வாட் ஆர் யூ டூயிங்?"

"ஐ ஆம் பிக்கிங் காஃபி, சார்."

"வெரி குட்."

"இப்போ நான் கேக்கணும் சார். வாட் ஆர் யூ டூயிங்?"

"ஐ ஆம்..." என்று ஆரம்பித்தார். அங்கே யாரோ அவளை அதட்டினார்கள். லைன் கட்டாகிவிட்டது.

ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஐ ஆம்... ஐ ஆம்..." என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். போளூரில் கண்டக்டர் தோளைத் தட்டி இறக்கிவிடும்வரை அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை.